தங்கை பேசி முடிக்கும்வரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லண்டனில் ஸ்ட்ரெதம் கடைத்தெருவில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தங்கை. அந்த வருடத்தில் வந்த ஒரு வெள்ளிக்கிழமையையும் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். காலம் போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்று பலர் சொன்னார்கள். என்னுடைய கோபத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே வாய் திக்கும். எங்கள் பக்கத்தில் இதைக் 'கொன்னை' என்பார்கள், அதுவும் அவள் காதில் விழும்படியாகவே சொல்வார்கள். எல்லாச் சொல்லிலும் திக்காது. தன் பெயரைச் சொல்லும்போது திக்கும். யாராவது அவசரப்படுத்தினால் திக்கும். தொலைபேசியில் கட்டாயம் திக்கும். மற்றபடி அவள் நல்ல கெட்டிக்காரி, வாய்க்குள் வருமுன்னே கேலியும் கிண்டலும் கண்ணில் வந்துவிடும். லண்டனுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில், கண்ணாடியைச் சட்டத்துக்கு அளவாக வெட்டிப் பொருத்தும் வேலையை எடுத்தாள். முன்னால் நின்று வாடிக்கையாளருடன் பேசத் தேவையில்லை என்பதுதான் அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த விஷயம்.

அவளுக்குச் சம்பந்தம் பார்க்கத் தொடங்கினோம். பிளேஸ்டோவில் ஒரு கலியாணத் தரகர் இருந்தார். லண்டனில் பாதிப் பேருக்குத் தானே கலியாணம் செய்து வைத்ததாகச் சொல்லிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் வருமுன்னரே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். 

"அண்ணை, முதலே சொல்லிப்போடுறன். தங்கச்சிக்கு வாய் திக்கும். மாப்பிள்ளை பகுதிக்கு அதைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம் கதைக்க வேணும்."

"அதுக்கென்ன தங்கச்சி. பொம்பிளைப் பிள்ளை கொஞ்சம் குறைச்சுக் கதைச்சால் நல்லதுதானே" என்று சொல்லி அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சொல்வீர்களா மாட்டீர்களா என்று மறுபடியும் கேட்டேன். சொல்கிறேன் என்றார்.

கொஞ்ச நாளில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சிறிய ஊர். மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. எண்பதுகளின் கடைசியில் அங்கே படிக்கப் போய் அப்படியே தங்கிவிட்டவர். சாதகம் பொருந்தியது. திக்குவாயைப் பற்றிச் சொன்னீர்களா என்று தரகரிடம் தொலைபேசியில் கேட்டேன். "சொல்லிப்போட்டன், அவையளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். நல்ல மனிதர்கள் என்று நான் சாமிப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மாப்பிள்ளையின் தாய் தகப்பன் ஊரில். அவர்களுக்குப் பதிலாக லண்டனில் எல்லாவற்றையும் பார்த்தவர் அவருடைய மாமி, தகப்பனின் அக்கா. அவரை வளர்த்ததும் வெளிநாட்டுக்கு அனுப்பியதும் அந்த மாமிதான். மாமி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பெண் அங்கே போவதற்கு முன்னால் நோர்வே மொழியைக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டிவரும் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்ட்ரெதமில் நோர்வே மொழி படிப்பிக்க யார் இருக்கிறார்கள்? நூலகத்தில் கேட்டேன், பிரெஞ்சு இருக்கிறது, ஜெர்மன் இருக்கிறது என்றார்கள். கடைசியில் மாப்பிள்ளையே கேசட்டில் பதிந்து அனுப்புவதாகச் சொன்னார்.

அந்தக் காலத்தில் கேசட்தான் எங்களுக்குக் கடிதம். ஊரிலிருந்து அம்மா பேசி அனுப்புவார், நடுவில் கோழி கூவும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு சொல் பேசிவிட்டுப் போவார். ஆனால் கலியாணம் பேசிய ஆணும் பெண்ணும் கேசட்டில் பாடம் படித்தது நான் அறிய எங்கள் வீட்டில்தான்.

முதல் கேசட் வந்த நாள் நாங்கள் மூன்று பேரும் ரேடியோப் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து கேட்டோம். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிச் செருமிப் பேசினார். நோர்வேக்காரர்கள் சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுவார்கள், நடுவில் இடம் விடமாட்டார்கள், பார்த்ததும் பயப்படக் கூடாது என்றார். ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் வெட்ட வேண்டும். வேறெங்கே வெட்டினாலும் சொல் செத்துவிடும். 'ஸீக்கெஹூஸ்' என்றால் ஆஸ்பத்திரி. 'ஸீக்கெ' என்பது நோய்ப்பட்டவர், 'ஹூஸ்' என்பது வீடு. 'பார்னெஹாகெ' என்றால் சின்னப் பிள்ளைகளின் பள்ளி. 'பார்னெ' பிள்ளைகள், 'ஹாகெ' தோட்டம். பிள்ளைகளின் தோட்டம் என்றதும் தங்கைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். வெட்டினால் மட்டும் போதாது, பாரம் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். முதல் துண்டின் தலையில் முழுப் பாரத்தையும் போட வேண்டும், அடுத்த துண்டில் மெதுவாகக் கால் வைக்க வேண்டும். நாங்கள் தமிழர்கள் எல்லா எழுத்துக்கும் பாரத்தை ஒரே அளவில் பரிமாறிப் பழகியவர்கள். அப்படிச் சொன்னால் நோர்வேக்காரர் உங்களை உற்றுப் பார்ப்பார்களே தவிர ஒன்றும் விளங்காது என்றார். தான் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் பேசியதாகவும், தொழிற்சாலையில் மீன் பெட்டி கேட்டால் ஆள் மாறி ஆள் வந்து கை காலில் அடிபட்டதா என்று கேட்பார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். பிறகு மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். முதல் துண்டுக்குப் பலமாக ஒரு தட்டு. இரண்டாம் துண்டுக்கு மெல்ல ஒரு தட்டு. ஒவ்வொரு சொல்லாக, தட்டித் தட்டி, ஒரு பக்கம் முழுவதும்.

ஒரு பின்னேரம் நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் தங்கை பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கேசட் ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அது பெண் குரல் என்று உறைத்தது. எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த கதிரையின் கையில் விரலால் தட்டிக்கொண்டு, வதிவிட அனுமதிக்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல்லை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். 'ஒப்ஹோல்ட்ஸ்தில்லாதெல்ஸெ'. ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப. நடுவில் வரும் 'ஸ்' முன் துண்டைச் சேர்ந்தது, அதைப் பின் துண்டில் ஒட்டக் கூடாது என்று மாப்பிள்ளை சொன்னதைக்கூடத் தவறவிடவில்லை. கடையில் 'பால்' என்று கேட்க முடியாமல் விரலால் காட்டுகிற பிள்ளை, இந்தப் பெரிய சொல்லை எங்கும் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கத்தரிக்காய் கருகியது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இதற்கு என்ன காரணம் என்று எனக்கு அன்று தெரியாது. தாளத்தோடு பேசினால் சிலருக்குத் திக்காது என்று பிறகொரு டாக்டர் சொன்னார். தங்கை தமிழிலும் தட்டிப் பார்த்தாள். திக்கவில்லை, ஆனால் கடிகாரம் பேசுவதுபோல ஒவ்வொரு அசையாக உதிர்ந்தது. இரண்டு வாக்கியம் பேசிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "இது நா... நானில்லை அக்கா. ஆரோ ரே... ரேடியோக்காரி" என்றாள். அதோடு தமிழில் தட்டுவதை விட்டுவிட்டாள்.

பதில் கேசட்டில் ஒரு பக்கம் நோர்வேச் சொற்களைப் பதிந்தாள். பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டாள். இரண்டாம் பக்கத்தில் தமிழில், தட்டாமல், தன்னைப் பற்றிப் பேசினாள். எங்கெங்கே நிற்குமோ அங்கெல்லாம் நின்றது. அழித்துவிட்டு இன்னொரு முறை பதியலாம் என்று என் கணவர் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். தரகர் சொன்னது போதாது, தன் குரலிலேயே அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம். அவளே கொண்டுபோய்த் தபாலில் போட்டாள்.

மாப்பிள்ளையின் அடுத்த கேசட்டை அவள் தனியாகத்தான் கேட்டாள். பிறகு ஓர் இடத்தை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டினாள். "உங்கட ரெண்டாம் பக்கத்தைத்தான் நான் கனதரம் திருப்பித் திருப்பிக் கேட்டனான். ஆறுதலா, அவசரப்படாமக் கதையுங்கோ. இங்க எனக்கும் முதல் வருசம் ஒரு சொல்லும் ஒழுங்கா வெளியில வரேல்ல." அவள் காதோரம் வரை சிவந்துபோய் நின்றாள். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. இதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்ததன் கொடுமை உங்களுக்கு விளங்காது.

அதன் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. பெண் பார்க்கிற நாள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் முகத்தை முறித்ததாகிவிடும் என்பதால் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்தித்ததுபோல நடிக்க வேண்டும். மாமி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு வருவார் என்று தரகர் சொல்லியிருந்தார். நானும் தங்கையும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரெயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவள் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது தரகர் ஓடிவந்து தங்கையின் காதில் குசுகுசுத்தார். மாமி ஏதும் கேட்டால் சிரித்தால் போதும், மிச்சத்தை வெட்கம் என்று தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்தது, பூசை தொடங்கிவிட்டது.

பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் மாமி எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். என்னை ஒரு பார்வை, தங்கையை மேலும் கீழுமாக ஒரு பார்வை. பிறகு, சாதகம் பார்த்து, படம் பார்த்து, மாதக்கணக்காகப் பேச்சுக்கால் நடந்த பிறகு, ஒரு கேள்வி.

"என்ன பேர் பிள்ளை?"

உலகத்தில் அவளுக்கு மிகக் கடினமான சொல் அதுதான். முதல் எழுத்தில் நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்து வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தரகர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார், தங்கை கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். கடைசியில் அவளே சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு மாமியைப் பார்த்துச் சிரித்தாள்.

மாமி சிரிக்கவில்லை. தரகரின் பக்கம் திரும்பினார். "இதென்ன, கொன்னையே? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அந்த மனுஷன் சொன்னதை என் உயிர் போனாலும் மறக்கமாட்டேன். "எனக்கும் இப்பதான் அக்கா தெரியும். அவையள் மறைச்சுப் போட்டினம்."

"அண்ணை, உங்கட வீட்டில இருந்து உங்கட முகத்துக்கு நேர சொன்னனான்" என்றேன். என் குரல் மண்டபத்தின் அந்த மூலைவரைக்கும் போயிருக்கும். அவர் என்னைப் பார்க்காமல், பாயாசம் வருகிறதா என்று குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அம்மன் சன்னிதியிலிருந்து இருபது அடியில் நின்று ஒரு மனிதர் இப்படிப் பொய் சொல்லமுடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாமி விடவில்லை. "நோர்வேஜியன் படிக்கிறா எண்டு எங்கட பிள்ளை சொன்னவன். அதுவும் பொய்யோ? எங்க, ஒண்டு சொல்லும் பாப்பம்" என்றார்.

சொல்லாதே என்று நான் தங்கையின் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அவளுக்கு அது ஒரு மானப் பிரச்சினை. இலைக்குப் பக்கத்தில் பெருவிரலால் தட்டி, மூன்று நான்கு சொற்களைச் சொன்னாள். ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளி, மீன் தொழிற்சாலை, வதிவிட அனுமதி. ஒட்டிய இடத்தில் வெட்டி, முதல் துண்டில் பாரத்தைப் போட்டு, அத்தனை அழகாகச் சொன்னாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இப்போதாவது இந்த மனுஷி இளகுவார் என்று நான் நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

மாமி எழுந்துவிட்டார். "பாத்தியளோ. வெள்ளைக்காரன்ர பாஷை எண்டால் தண்ணி மாதிரி வருது. எங்களோட கதைக்கத்தான் நடிப்பு. ஒண்டில் வருத்தக்காரி, இல்லாட்டில் கள்ளி. ரெண்டில எது எண்டாலும் எங்கட பிள்ளைக்கு வேண்டாம்."

திக்கினால் நோய். திக்காவிட்டால் நடிப்பு. அந்தப் பிள்ளை பிறகு எப்படித்தான் வாயைத் திறப்பது? வாயே திறக்காமல் இருந்தால் ஊமை என்று சொல்லியிருப்பார்கள். நான் மாமியிடம் ஏதேதோ சொன்னேன். கோயிலில் சொல்லக் கூடாத சொற்களும் அதில் இருந்தன. அதற்காக அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன், மாமியிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். திரும்பி வரும்போது ரெயிலில் தங்கை சேலைத் தலைப்பில் ரசம் பட்ட இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. மாப்பிள்ளைக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவர்தான் கேசட்டைக் கேட்டவராயிற்றே. மாமிக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றும் அடுத்த நாளும் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. அவர்தான். நடந்ததைக் கேள்விப்பட்டதாகவும் மனம் சரியில்லை என்றும் என்னிடம் சொன்னார். மாமிக்குத் தரகர் முதலே சொல்லியிருப்பார் என்று தானும் நம்பியதாகச் சொன்னார். தங்கையுடன் பேச வேண்டும் என்றார். இரண்டு பேரும் கேட்கும்படி நாங்கள் தொலைபேசியை நடுவில் பிடித்துக்கொண்டோம்.

"மாமி இப்ப கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறா" என்று தொடங்கினார். அதைக் கேட்டதும் தங்கையின் முகம் மலர்ந்தது. "சனத்துக்கு முன்னால பெரிசாக் கதைக்காம இருந்தால் போதும் எண்டுறா. கதைக்க வேண்டி வந்தாலும், நீங்கள் விரலால தட்டித் தட்டிக் கதைப்பியள்தானே. தமிழிலயும் அப்பிடியே பழகினீங்கள் எண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டில மாமி வந்து நிக்கிற நேரத்திலயும் அப்பிடிக் கதைச்சால் பிரச்சினை இல்லை. எனக்காக இதை மட்டும் செய்யுங்கோ."

அவர் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமி முட்டாள்தனமாகப் பேசினார், தரகர் பொய் சொன்னார். இவர் எல்லாம் தெரிந்தவர். இரண்டாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவர். தனக்குப் பிடித்த அந்தக் குரலை மாமிக்காக ஒளித்து வைக்கச் சொல்கிறார். நான் தொலைபேசியைப் பறித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தங்கை என் கையை விலக்கிவிட்டாள்.

அவள் பேசத் தொடங்கினாள். கையை மடியில் விரித்து வைத்திருந்தாள். விரல் ஒன்றும் அசையவில்லை.

முதல் சொல்லே சிக்கிக்கொண்டது. அவர் அந்தப் பக்கத்திலிருந்து, "ஓம் எண்டுதானே சொல்ல வாறியள்" என்றார். அவள் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அவர் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"பொ... பொறுங்கோ. நான் இன்னும் மு... முடிக்கேல்ல."

பிறகு அவள் பேசினாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, கீழே சலவைக் கடையில் இயந்திரங்கள் சுற்றி நின்று மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டன. அவள் சொன்னதை நான் இங்கே நிற்காமல் எழுதுகிறேன், ஆனால் அவள் நின்று நின்றுதான் சொன்னாள். "நீங்கள் அனுப்பின சொல்லெல்லாம் தட்டிச் சொல்லுறது எனக்குச் சந்தோசம். அது வேற பாஷை, வேற தாளம். ஆனா என்ர வீட்டில, என்ர மனுசனோட, என்ர பாஷையைக் கதைக்கவும் நான் தட்ட வேணுமெண்டால் அது எனக்கு ஏலாது. நான் கதைக்க நேரம் எடுக்கும். கேக்க உங்களுக்கு நேரம் இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

பிறகு அவர் சொன்னார். "அப்ப நான் மாமிக்கு என்னெண்டு சொல்லுறது?"

தங்கை தொலைபேசியைப் பார்த்தாள். "அதையும் நா... நான்தான் சொல்லித் தரவேணுமோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று. வீரமாகப் பேசினாள் என்று எழுதிவிடுவது சுலபம். அவளுக்கு அந்த மனிதரை உண்மையாகவே பிடித்திருந்தது. நோர்வேயில் எந்த மாதம் பனி கொட்டும், எந்த மாதம் சூரியனே வராது என்றெல்லாம் நூலகத்தில் படித்துப் படித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அந்த ஒரு தொலைபேசியோடு முடித்துவிட்டு வந்திருந்தாள். வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. சாப்பாடு போட்டுத் தரச் சொன்னாள். அவர் அதன் பிறகு அழைக்கவில்லை. மாமி பார்த்து வைத்த பெண்ணைக் கட்டியதாகக் கேள்விப்பட்டோம்.

தரகர் அழைத்தார். ஆம், அத்தனைக்கும் பிறகு அழைத்தார், ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கோயிலில் நடந்ததைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை. கனடாவில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறாராம், நல்ல உத்தியோகமாம். "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் தங்கச்சி. உங்கட பிள்ளைக்கு நல்ல பொருத்தமா இருக்கும்" என்றார். நான் தொலைபேசியில் என்ன சொன்னேன் என்று என் கணவர் இன்றைக்கும் நண்பர்களுக்கு நடித்துக் காட்டுவார். அச்சில் வரக்கூடியதாக அதில் ஒன்றும் இல்லை. அந்தத் தரகர் இன்னும் எத்தனை வீட்டுக்கு இப்படிப் பொருத்தம் பார்த்திருப்பாரோ என்று நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

தங்கை அடுத்த வருடம் கடையின் பின்னறையை விட்டு முன்பக்கத்துக்கு வந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளே கேட்டு வந்தாள். கண்ணாடிக்கு வருகிறவர்களுடன் பேசினாள், தொலைபேசியையும் எடுத்தாள். ஆங்கிலத்திலும் நின்று நின்றுதான் பேசினாள். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் பொறுமையாக நின்றார்கள். பொறுமையாக நின்றவர்களில் ஒருவரைத்தான் பிறகு அவள் கட்டினாள், தரகர் இல்லாமல். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் திக்குமா திக்காதா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் குறையவில்லை. ஒருவர் பேசி முடிப்பதற்குள் அவர் நோயாளி, கள்ளி, பாவம் என்று முடிவு கட்டுகிற கூட்டத்தை நான் இன்றைக்கும் கலியாண வீடுகளில் பார்க்கிறேன். அன்பு என்று நினைத்துக்கொண்டு வாயிலிருக்கும் சொல்லைப் பிடுங்கி முடித்து வைப்பவர்களையும் பார்க்கிறேன், அவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் கூடக் கோபம். இப்போது என் முன்னால் யாராவது ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு நின்றால், அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் எடுத்துக் கொடுப்பதில்லை; அது அவருடைய சொல், அது வந்து சேரும்வரை நான் காத்துக்கொண்டு நிற்கிறேன்.